யார் யாரைக் கேட்கிறார்கள்?

(மின்தொகுப்பும் ஒத்திசைவின் கணிதமும் குறித்து மயிலாப்பூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2013 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் ஒரு பெரிய காரியம் நடந்தது. நாடே புத்தாண்டுக்குக் காத்திருந்ததால் பலர் அதைக் கவனிக்கவில்லை. கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் 765 கிலோவோல்ட் மின்தடம் ஒன்று இணைத்தது. அதுவரை தென் மாநிலங்களின் மின்தொகுப்பு, நாம் கிரிட் என்று சொல்வது, தன் போக்கில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கும் வடகிழக்கும் 1991இல் சேர்ந்தன; 2003இல் மேற்கு வந்தது; 2006இல் வடக்கு வந்தது. கடைசியாகத் தெற்கு. அன்று தொடங்கி அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் சுழலும் இயந்திரமும் பக்ரா அணையில் சுழலும் இயந்திரமும் நொடிக்கு 50 என்ற ஒரே மின்தாளத்தில் கட்டுண்டிருக்கின்றன. தி. நகரில் ஒரு துணிக்கடையின் ஏசி ஓட ஆரம்பித்தால், கணக்கில் வராத அளவுக்குச் சிறிதாக என்றாலும், இமயமலை அடிவாரத்து இயந்திரமும் வேகம் குறைகிறது.

தனித்தனி வேகம் உடைய ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் எப்படி ஒரு தாளத்துக்கு வருகின்றன? வந்தபின் எப்படி அதிலேயே நிற்கின்றன? அவற்றை இணைக்கும் வலையை எப்படிப் பின்னினால் அந்த ஒற்றுமை உறுதியாக இருக்கும்? இந்த மூன்றாவது கேள்விதான் இன்றைய உரையின் பொருள். இதில் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. இணைப்பு எவ்வளவு வலுவானது என்பதை எல்லோரும் கேட்கிறோம். யார் யாரைக் கேட்டு நடக்கிறார்கள் என்பதை மிகக் குறைவாகவே கேட்கிறோம். இரண்டாவதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கதை பழையது. 1665இல் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் சிறிது நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஒரே வேகத்தில் ஆடத் தொடங்குவதைக் கண்டார். தாங்கியின் மிக மெல்லிய அதிர்வு அவற்றை இணைத்திருந்தது. இதைப் பெருங்கூட்டத்துக்கு விரித்துக் கணிதமாக்கியவர் ஜப்பானின் யோஷிகி குராமோட்டோ, ஆண்டு 1975. தனக்கென ஓர் இயல்பான வேகத்தில் மீண்டும் மீண்டும் அசைகிற எதையும் அலைவி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அலைவியும் பக்கத்து அலைவியைப் பார்க்கிறது. தான் பின்தங்கியிருந்தால் கொஞ்சம் விரைகிறது, முந்தியிருந்தால் கொஞ்சம் தாமதிக்கிறது. அவ்வளவுதான் விதி. இயல்பு வேகங்கள் எவ்வளவு அகலமாகச் சிதறியிருக்கின்றனவோ, அதற்கேற்ப இணைப்பு வலுவாக இருக்க வேண்டும். ஓர் எல்லைவரை இணைப்பைக் கூட்டினாலும் கூட்டம் சிதறியே இருக்கும். எல்லையைத் தாண்டியதும் ஒரு பகுதி சட்டென்று சேர்ந்து ஆடத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாக அதில் வந்து சேரும்.

குராமோட்டோவின் மாதிரியில் எல்லோரும் எல்லோரையும் ஒரே அளவில் கேட்கிறார்கள். உலகம் அப்படி இல்லை. இந்த மயிலாப்பூரில் அதைச் சொல்ல எனக்குக் கச்சேரி மேடையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. பாடகர் தொடையில் தாளம் போடுகிறார். வயலின்காரர் பாடகரின் குரலைத் தொடர்கிறார். மிருதங்கக்காரர் குரலைக் கேட்கிறார், கையையும் பார்க்கிறார். கஞ்சிராக்காரரின் காது பெரும்பாலும் மிருதங்கத்தின் மேல். தம்புரா யாரையும் பின்தொடர்வதில்லை. முன்வரிசை ரசிகர்கள் தாளம் போடுகிறார்கள். மேடை அவர்களைப் பார்த்து நடை மாற்றுவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அம்புக்குறி போட்டு இதை வரைந்தால் பெரும்பாலான அம்புகள் ஒரு பக்கமே போகும். இதுதான் திசையுள்ள வலை. இன்னும் ஒன்று: காதால் கேட்பது ஒரு வலை, கண்ணால் பார்ப்பது இன்னொரு வலை. இரண்டிலும் ஆட்கள் அதே ஆட்கள், அம்புகள் வேறு. இதைப் பலஅடுக்கு வலை என்கிறோம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் படமே மாறிவிடுகிறது. குரல் நின்றுவிடுகிறது, பாடகரின் கை மட்டும் தாளத்தைப் பிடித்து நிற்கிறது. காது அடுக்கில் மையமாக இருந்தவர் இப்போது கண் அடுக்கில் மையமாகிறார்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலின் பார்-இலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோட்டி ஃப்ரிட்மனின் குழு 16 வயலின் கலைஞர்களை ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி உட்காரவைத்து, ஹெட்ஃபோன் வழியாக யார் யாரைக் கேட்க வேண்டும், எவ்வளவு தாமதத்தோடு கேட்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்தது. முடிவுகள் 2020இல் வெளியாயின. தாமதம் கூடியபோது கலைஞர்கள் வேகத்தைக் குறைத்துக் கொண்டார்கள். முரண்படும் இரண்டு ஒலிகள் வந்தபோது ஒன்றைப் புறக்கணித்து மற்றொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். வலையில் இருந்த ஓர் அம்பை அவர்களே அழித்துவிட்டார்கள் என்பது இதன் பொருள். இயந்திரத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதனால்தான் இயந்திரங்களின் வலையை வரைகிறவர் அம்புகளை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது.

சரி, சிறந்த வலை எது? தகாஷி நிஷிகாவா, ஆடில்சன் மோட்டர் இருவரும் 2006இல் தந்த விடை முதலில் படிக்கிறவரைத் திடுக்கிட வைக்கும். எல்லா அலைவிகளும் ஒரே மாதிரி என்று கொண்டால், மிகச் சிறந்த ஒத்திசைவு தரும் வலைகளில் ஒன்று கிளை மரம்: மேலே ஒருவர், ஒவ்வொருவரும் தனக்கு மேலே உள்ள ஒருவரை மட்டும் ஒரே அளவு வலுவோடு கேட்பது, கீழிருந்து மேலே திரும்பிப் போகும் சுற்று ஒன்றும் இல்லாதிருப்பது. இணைப்பைச் சேர்க்கச் சேர்க்க நல்லது என்ற நம் உள்ளுணர்வு இங்கே தோற்கிறது. அதே ஆய்வு வழியில் 2017இல் அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். இப்படிப்பட்ட உச்ச வலைகள் மிகவும் நுட்பமானவை. அமைப்பில் ஒரு சிறு பிழை நேர்ந்தால் அந்தப் பிழையின் அளவுக்கு மீறி அவற்றின் செயல்பாடு விழுந்துவிடும். பொறியாளர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. காகிதத்தில் உச்சம் எட்டிய வலையை அப்படியே கட்டக் கூடாது. உச்சத்துக்குச் சற்றுக் கீழே, அகலமான இடம் பார்த்து நிற்க வேண்டும்.

அலைவிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் விடையும் வேறு. பெர் செபாஸ்டியன் ஸ்கார்டல், டேன் டெய்லர், ஜி சுன் ஆகியோர் 2014இல் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். 2016இல் அதைத் திசையுள்ள வலைகளுக்கும் விரித்தார்கள். சூத்திரத்தை விட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன். சராசரி வேகத்திலிருந்து மிகவும் விலகி நிற்பவருக்கு அதிக இணைப்பு கொடுங்கள். வேகமானவருக்குப் பக்கத்தில் மெதுவானவரை வையுங்கள். ஒரே குணம் கொண்டவர்களை ஒரு மூலையில் கூட்டாதீர்கள்.

இதை மின்தொகுப்புக்குப் பெயர்த்துப் பாருங்கள். அங்கே மின்னுற்பத்தி நிலையம் வேகமான அலைவி. சுழற்சியை முன்னே தள்ளுகிறது. மின்சாரத்தைச் செலவிடும் ஊர் மெதுவான அலைவி, பின்னே இழுக்கிறது. உற்பத்தியைத் தேவைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று கணிதம் சொல்கிறது. தமிழ்நாட்டின் நிலைமையோ பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் முப்பந்தல் பகுதியின் காற்றாலைகள் சுழல்கின்றன. 2016இல் 648 மெகாவாட் திறனோடு வந்த கமுதி சூரிய மின்நிலையம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. இழுக்கிற பெரிய ஊர் சென்னை, மாநிலத்தின் மறு கோடியில். நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி. இன்னொரு கம்பி போட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். டிர்க் விட்ஹவுட், மார்க் டிம்மே இருவரும் 2012இல் காட்டியது நினைவில் இருக்கட்டும்: தவறான இடத்தில் சேர்த்த ஒரு புதிய மின்தடம், இருக்கிற ஒத்திசைவையே குலைத்துவிடக்கூடும். சாலைப் போக்குவரத்தில் டீட்ரிச் பிரேஸ் 1968இல் கண்ட முரண்தான் இது. புதிய சாலை நெரிசலைக் கூட்டலாம் என்று அவர் நிறுவினார்.

இப்போது 2012 ஜூலைக்கு வருகிறேன். ஜூலை 30 அதிகாலை வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. தெற்கு விழவில்லை. அப்போது தெற்கை மற்ற பகுதிகளோடு இணைத்தவை தால்ச்சர்-கோலார் போன்ற உயர் அழுத்த நேர்மின் தடங்கள். நேர்மின் தடத்துக்குத் தாளம் கிடையாது. எவ்வளவு மின்சாரம், எந்தப் பக்கம் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் தீர்மானிக்கலாம். ஒரு முனையின் தடுமாற்றம் தாளத்தின் வழியாக மறு முனையைப் பிடித்து இழுக்காது. மாறுமின் தடம் அப்படியல்ல. இரண்டு முனைகளும் ஒன்றையொன்று கேட்டே தீரும்.

அப்படியென்றால் 2013இல் தெற்கைச் சேர்த்தது பிழையா? என் தீர்ப்பு: பிழையில்லை. பெரிய கூட்டத்தில் ஓர் இயந்திரம் நின்றால் அதன் சுமையைத் தாங்கப் பலர் இருக்கிறார்கள். அதிர்வெண், அதாவது நொடிக்கு 50 என்ற அந்தத் தாளம், குறைவாகவே சரிகிறது. மலிவான மின்சாரம் இருக்கிற இடத்திலிருந்து வாங்கலாம். ஆனாலும் ஒன்றுபட்ட தொகுப்புக்குள்ளும் நேர்மின் தடங்களைத் தகுந்த இடங்களில் வைத்துக்கொள்வதே அறிவு. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6000 மெகாவாட் கொண்டுவரும் தடம் அப்படிப்பட்டது. எந்த இணைப்பு இருபுறமும் கேட்க வேண்டும், எந்த இணைப்பு சொன்னதை மட்டும் செய்ய வேண்டும் என்று தேர்ந்து வைப்பதுதான் வலையமைப்பு.

கம்பிகளுக்கு மேலே இன்னும் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று அளவீட்டுக் கருவிகளும் தொலைத்தொடர்பும் மின்பகிர்வு மையங்களும் சேர்ந்த கட்டுப்பாட்டு அடுக்கு. மற்றொன்று மக்கள் அடுக்கு. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு, ஊரடங்குக் காலத்தில், 9 நிமிடம் விளக்கை அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். அடையாற்றிலும் அணைத்தார்கள், அசாமிலும் அணைத்தார்கள். சில நிமிடங்களில் நாட்டின் மின்தேவை 31,000 மெகாவாட்டுக்கு மேல் சரிந்தது. அதிர்வெண் 49.7க்கும் 50.26க்கும் இடையே ஊசலாடியது, தொகுப்பு விழவில்லை. முன்கூட்டியே திட்டமிட்டு, வேகமாக ஏறி இறங்கக்கூடிய நீர்மின் நிலையங்களைக் கொண்டு பெரும்பகுதியைச் சமாளித்தார்கள். மக்கள் அடுக்கிலிருந்து கம்பி அடுக்குக்கு ஒரு பெரிய அம்பு. திரும்ப அம்பு இல்லை. 50.26 என்பதைப் பார்த்து எந்த வீட்டிலும் யாரும் விளக்கைப் போடவில்லை. நடுவே கட்டுப்பாட்டு அடுக்கு இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்ததால் தப்பினோம். அந்த இரவில் பணியில் இருந்த பொறியாளர்களுக்கு நாம் இன்னும் உரிய நன்றி சொல்லவில்லை.

அடுக்குகள் ஒன்றையொன்று வீழ்த்தவும் செய்யும். 2003 செப்டம்பர் 28 அன்று இத்தாலியில் மின்நிலையங்கள் நின்றதால் தொலைத்தொடர்பு முனைகள் செயலிழந்தன. அவை செயலிழந்ததால் மேலும் மின்நிலையங்கள் நின்றன. 2010இல் செர்கே புல்டிரெவும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைக் கணிதமாக்கினார்கள். அடுக்குகளை எங்கே இணைப்பது என்பதற்கும் விடை இருக்கிறது. 2014இல் ஹாவியர் புல்டுவின் குழு, ஒவ்வொரு வலையிலும் அதிக இணைப்பு உள்ள முனைகளைக் கோத்தால் இரண்டு வலைகளும் மிக எளிதாக ஒத்திசையும், ஓரத்து முனைகளைக் கோத்தால் மிகக் கடினம் என்று காட்டியது. ஒத்திசைவுக்கு உகந்த அதே பெரிய முனை விழுந்தால் சேதமும் பெரிது என்பதைத் திட்டமிடுகிறவர் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இவ்வளவும் வெளிநாட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மயிலாப்பூரில், ஏகாம்ர நிவாஸ் என்ற தம் குடும்ப வீட்டில் அல்லாடி ராமகிருஷ்ணன் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் அங்கே வந்தார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று அது தரமணியில் இருக்கிறது. அங்கே சிதாப்ர சின்ஹாவும் பிரான்சின் லியோன் நகரத்து அலேன் புமீரும் சேர்ந்த குழு 2012இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். பிரசவ வேளையில் கருப்பை முழுவதும் சேர்ந்து சுருங்குகிறது. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்க ஒரு திசு உண்டு. கருப்பையில் அப்படி ஒன்று கண்டறியப்படவில்லை. தனித்தனியே எடுத்தால் அதன் செல்கள் தாமாக ஆடுபவையும் அல்ல. பேறுகாலம் நெருங்க நெருங்கச் செல்களுக்கு இடையேயான இணைப்புவாய்கள் பெருகுகின்றன. தூண்டினால் துள்ளும் செல்லும் தானாக ஒன்றும் செய்யாத செல்லும் போதிய வலுவோடு இணைந்தால், இரண்டும் சேர்ந்து அலைவியாகிவிடுகின்றன. இணைப்பு மேலும் கூட, சிறு திட்டுகள் தாளத்துக்கு வந்து கடைசியில் முழுப் பரப்பும் ஒரே தாளத்தில் ஆடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தலைவனே இல்லாத ஒத்திசைவு இது. மரம்போல் மேலிருந்து கீழே கட்டளை போகும் வலைதான் சிறந்தது என்று முடிவுகட்ட நினைப்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் கே. முரளி, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணன், லியோன் சுவா மூவரும் 1994இல் அமைத்த எளிய மின்சுற்று அவர்கள் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. கேயாஸ் எனப்படும் குழப்ப இயக்கத்தையும் அதன் ஒத்திசைவையும் மேசைமேல் வைத்துப் பார்க்க அது மாணவர்களுக்கு வழி செய்தது.

சாலையின் அந்தப் பக்கம் ஐஐடி வளாகம். அங்கே ஆர். ஐ. சுஜித்தின் குழு ஒத்திசைவைத் தடுப்பதற்காக அதைப் படிக்கிறது. ஜெட் என்ஜின், ராக்கெட், மின்நிலைய வாயு டர்பைன் இவற்றின் எரிகலனில் சுடரின் வெப்பமும் கலனின் ஒலியும் தத்தம் போக்கில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுத் தாளத்துக்கு வந்துவிட்டால் அழுத்தம் பெருகிக் கலனே சிதையலாம். இது பரஸ்பர ஒத்திசைவு என்று 2017இல் அவர்கள் நிறுவினார்கள். 2023இல் அதே எரிகலனைப் பலஅடுக்கு வலையாகப் பார்த்தார்கள்: சுழிகள் ஓர் அடுக்கு, வெப்பமும் ஒலியும் சேர்ந்து தரும் ஆற்றல் இன்னோர் அடுக்கு. எந்த அடுக்கின் எந்த இடம் எதை ஆட்டுவிக்கிறது என்று தெரிந்தால், கலன் முழுவதையும் மாற்றாமல் அந்த இடத்தில் மட்டும் கைவைத்து ஆபத்தைத் தணிக்க வழி பிறக்கும்.

கடைசியாக, நம் மொட்டைமாடிக்கு வருவோம். அடையாறு, மயிலாப்பூர் வீடுகளின் மாடிகளில் சூரியத் தகடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நல்லது, தேவைக்குப் பக்கத்தில் உற்பத்தி என்ற விதிக்கு இது பொருந்துகிறது. மின்வாரியத்தின் மின்சாரம் நின்றதும், நல்ல வெயிலிலும், அந்தத் தகடுகள் நின்றுவிடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படி நிற்க வேண்டும் என்பது விதி. அதோடு, இன்று பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் தொகுப்பின் தாளத்தைக் கேட்டு அதற்கேற்ப மின்சாரம் தருபவை. தாமாகத் தாளம் கொடுப்பவை அல்ல. அம்பு அவற்றை நோக்கி வருகிறது, அவற்றிலிருந்து போவதில்லை. டன் கணக்கில் எடையுள்ள அனல்மின் இயந்திரம் சுழலும்போது, ஒரு திடீர் இழப்பைச் சில நொடி தாங்கும் ஆற்றலைத் தன் சுழற்சியிலேயே வைத்திருக்கிறது. தகட்டில் அது இல்லை. உற்பத்தியைப் பரவலாக்கினால் ஒத்திசைவு எளிதாகும், ஆனால் திடீர் அதிர்ச்சிகளைத் தாங்கும் வலிமை குறையக்கூடும் என்று மார்டின் ரோடனும் டிம்மேயும் விட்ஹவுட்டும் மற்றவர்களும் 2012இலேயே எச்சரித்தார்கள். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போய், தாளம் கொடுப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தால், எத்தனை மெகாவாட் சேர்த்தோம் என்ற கணக்கு நம்மைக் காப்பாற்றாது. தாமே தாளம் கொடுக்கும் இன்வெர்ட்டர்கள் இப்போது வந்துவிட்டன. அவற்றை எங்கே, எத்தனை வைப்பது என்பது திசையுள்ள, பலஅடுக்கு வலையின் ஒத்திசைவுக் கணக்கு.

அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் தரமணியிலும் கிண்டியிலும் அடையாற்றிலும் இருக்கிறார்கள். மின்தொகுப்பின் கட்டக் கோணத்தை, அதாவது ஓர் இடத்தின் தாளம் மற்றோர் இடத்தைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ நிற்கிறது என்பதை, நொடிக்குப் பல முறை அளக்கும் கருவிகள் நாட்டின் முக்கியத் துணைமின் நிலையங்களில் இருக்கின்றன. மின்துறைக்கு என் வேண்டுகோள்: பாதுகாப்புக்குத் தேவையான மறைப்பைச் செய்துகொண்டு, அந்த அளவீடுகளை நம் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள். பெரிய சூரிய மின்திட்டம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தரும்போது, அது தாளம் கொடுக்குமா, கேட்க மட்டும் செய்யுமா என்று எழுத்தில் கேளுங்கள். இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் மாநிலத்தின் மின்தொகுப்பை எடுத்துக்கொண்டு, அம்புகள் அனைத்தையும் குறித்து, ஒரு முழுமையான வரைபடம் தயாரியுங்கள். முனைவர் பட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு இந்த ஊரில் இப்போது இல்லை.